ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வாங்க எண்ணுபவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, அது நிதானமாக வேலை செய்யும் கருவி என்பதைத்தான். 15 லிட்டர் கெய்சரில் 2,000 வாட் காயில் தண்ணீருக்குள்ளேயே நின்று சூடேற்றுவதால், சுவிட்சைப் போட்டு இருபது நிமிடத்தில் குளிக்கப் போய்விடலாம். ஹீட் பம்போ 200 லிட்டர் தொட்டியைச் சூடாக்க நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக, அதே வெந்நீருக்கு ஆகும் மின்சாரத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத் தரும். எந்த அளவில் வாங்குவது, எங்கே வைப்பது, எந்த நேரத்தில் ஓடவிடுவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நிதானத்திலேயே விடை இருக்கிறது. பழைய கெய்சரின் கணக்கை இதற்கும் பொருத்திப் பார்ப்பவர்கள்தாம் பின்னர் வெந்நீர் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

இக்கருவி மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக மாற்றுவதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் அந்தத் தள்ளும் வேலைக்கே செலவாகிறது. விசிறி இழுக்கும் காற்று எவாப்பரேட்டர் என்னும் சுருளின்மீது படும்போது, அதனுள் ஓடும் குளிர்பதனப் பொருள் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்த, அதன் வெப்பநிலை தண்ணீரின் வெப்பநிலையைத் தாண்டி உயர்கிறது. பின்னர் அது கண்டன்சர் சுருளில் தன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, விரிவு வால்வின் வழியே அழுத்தம் குறைந்து, மீண்டும் எவாப்பரேட்டருக்குத் திரும்புகிறது. ஃபிரிட்ஜ் தன் உள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்புறமாக வெளியேற்றுவதும் இதே சுழற்சியால்தான். இந்தக் கருத்து புதியதன்று; பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-ஆம் ஆண்டிலேயே இதை முன்வைத்துவிட்டார்.

சேமிப்பை நாமே கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1.163 வாட்-மணி ஆற்றல் தேவை. 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுசெல்ல 8.1 யூனிட் (ஒரு யூனிட் 1,000 வாட்-மணி) வெப்பம் வேண்டும். மின் காயில் என்றால் அந்த 8.1 யூனிட்டும் மீட்டரில் ஏறும். செலவழித்த மின்சாரத்தைப்போல எத்தனை மடங்கு வெப்பம் தண்ணீரில் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் செயல்திறன் எண், அதாவது விற்பனையாளர்கள் சொல்லும் சிஓபி, 3 ஆக இருந்தால் மீட்டரில் ஏறுவது 2.7 யூனிட் மட்டுமே.

ஆனால் இந்தச் சிஓபி நிலையான எண் அன்று என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. காற்று வெதுவெதுப்பாகவும், எட்ட வேண்டிய வெந்நீரின் வெப்பநிலை குறைவாகவும் இருக்கும்போது அது உயரும். குளிர்ந்த காற்றிலிருந்து 60 டிகிரி வெந்நீர் கேட்டால் சரியும். 35 டிகிரி காற்றில், தண்ணீரை 45 டிகிரி வரை மட்டும் சூடாக்கிப் பார்த்து எழுதிய 4.5 என்ற எண்ணும், 15 டிகிரி காற்றில் 55 டிகிரி வரை சூடாக்கிப் பெற்ற 3 என்ற எண்ணும் ஒரே தரத்துக் கருவிகளுடையவையாக இருக்கக்கூடும். எனவே எண்ணைப் படிக்கும்முன் அது எந்தக் காற்று வெப்பநிலையில், எந்த நீர் வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 16147 தரமுறையிலும் அமெரிக்காவின் யுஇஎஃப் மதிப்பீட்டிலும் ஒரு நாள் முழுவதும் வெந்நீரை எடுத்தெடுத்து, தொட்டியிலிருந்து கசியும் வெப்பத்தையும் சேர்த்து அளக்கிறார்கள் என்பதால், அந்த எண்களை வெறும் சிஓபியைவிட அதிகமாக நம்பலாம்.

தொட்டியின் அளவு

மெதுவாகச் சூடேறும் கருவிக்குப் பெரிய தொட்டிதான் பலம். வீட்டில் மிக அதிகமாக வெந்நீர் செலவாகும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது காலை வேளையாக இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் பாயும் ஷவரில் எட்டு நிமிடம் குளிப்பவர் 64 லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 40 டிகிரி சூட்டில் பயன்படுத்துகிறார். தொட்டியில் 60 டிகிரி வெந்நீரும் குழாயில் 20 டிகிரித் தண்ணீரும் இருந்தால், இந்தக் கலவையில் சரிபாதி, அதாவது 32 லிட்டர், தொட்டியிலிருந்து வரும். குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும் குளிர்காலத்தில் அதே குளியலுக்குத் தொட்டியிலிருந்து 38 லிட்டர் வேண்டியிருக்கும். ஆகவே ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். நால்வர் அடுத்தடுத்துக் குளித்து, சமையலறையிலும் கொஞ்சம் வெந்நீர் செலவானால் 150 முதல் 180 லிட்டர் வரை ஆகிவிடுகிறது. வெந்நீர் மேலே போகப் போகத் தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் நுழைந்துகொண்டிருப்பதால், தொட்டியின் கொள்ளளவு முழுவதும் சூடு குறையாமல் கிடைக்காது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே நம்பலாம். அப்படிப் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு 200 முதல் 225 லிட்டர் வரையிலான தொட்டி சரியாக இருக்கும். விருந்தினர் அடிக்கடி வந்துபோகும் வீடென்றால் 250 லிட்டர் நல்லது.

சிறிய தொட்டியை வாங்கிவிட்டு, பற்றாத நேரத்தில் உள்ளிருக்கும் துணை மின் காயில் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது தவறான சிக்கனம். அந்தக் காயில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இது சாதாரணக் கெய்சர்தான். மறுபுறம், தனியாக வாழ்ந்து நாளொன்றுக்கு ஒரு வாளி வெந்நீர் மட்டும் போதும் என்றிருப்பவருக்கும், ஆண்டில் சில வாரங்களே வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கும் இக்கருவி ஏற்றதன்று என்றே சொல்வேன். பயன்படுத்தாத நேரத்திலும் தொட்டி வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். வாங்கிய விலை மின்கட்டணச் சேமிப்பாகத் திரும்பிவருவதற்குள் கருவியே பழையதாகிவிடும்.

எந்த அமைப்பு

சந்தையில் முக்கியமாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் தொட்டியின் தலைமேலேயே கம்ப்ரசரும் விசிறியும் அமைந்து, முழுவதும் ஒரே உருளையாக வரும். பொருத்துவதற்கு இதுவே எளிது. மற்றொன்றில் தொட்டி வீட்டுக்குள்ளும் கம்ப்ரசர் பெட்டி வெளியிலும் இருக்கும். சத்தமும் குளிர்ந்த காற்றும் வீட்டுக்குள் வராது என்பது இதன் நன்மை. ஆனால் இந்த இரண்டாவது வகையில் இடையே ஓடுவது குளிர்பதனக் குழாய் என்றால், ஏசி பொருத்தும்போது செய்வதுபோல வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றத் தெரிந்த தொழில்நுட்பர் கட்டாயம் தேவை. தண்ணீர்க் குழாய்கள் மட்டுமே இடையே ஓடும் மாடல்களில் அந்த வேலை இல்லை. எனினும் உறைபனி விழும் இடங்களில் வெளியே ஓடும் தண்ணீர்க் குழாயை உறையாமல் காப்பது தனிக் கவலையாகிவிடும்.

கண்டன்சர் சுருள் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. அது தொட்டியின் வெளிச்சுவரைச் சுற்றி ஒட்டியிருந்தால் உப்புநீர் அதைத் தொடுவதே இல்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சுருளிலும், தண்ணீரைச் சுழலவிட்டுச் சூடாக்கும் தகடு வகை வெப்பப் பரிமாற்றியிலும், கடினநீர் உள்ள இடங்களில் சுண்ணப்படிவம் ஏறி வெப்பம் கடப்பதைத் தடுக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு வெளிச்சுற்றுச் சுருளே என் பரிந்துரை.

குளிர்பதனப் பொருளைப் பொறுத்தவரை ஆர்-134ஏ, ஆர்-410ஏ போன்றவை நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. ஆனால் கசிந்து வளிமண்டலத்தில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆர்-290 என்பது புரொப்பேன். சூழலுக்கு ஏறக்குறையத் தீங்கற்றது, அதிக வெப்பநிலையையும் எட்டும், ஆனால் எரியக்கூடியது. கார்பன் டை ஆக்சைடையே குளிர்பதனப் பொருளாகக் கொண்ட வீட்டு உபயோகக் கருவிகள் 2001-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அவை கடுங்குளிரிலும் 90 டிகிரி வரை சூடாக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வைஃபை, கைபேசிச் செயலி முதலியவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நேரம் குறிக்கும் டைமர் இருந்தால் போதும்.

இடம் தேர்ந்தெடுத்தல்

நான் பார்த்தவரையில் இக்கருவியின் வெற்றி தோல்வியை மாடலைவிட அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. 500 வாட் மின்சாரம் வாங்கி 1,800 வாட் வெப்பம் கொடுக்கும் கருவி, மீதமுள்ள 1,300 வாட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுக்கிறது. கதவு மூடிய சிறிய ஸ்டோர் ரூமில் அதை வைத்தால், தான் வெளியேற்றிய குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து, சிஓபி சரிந்து, இறுதியில் மின் காயிலே ஓடத் தொடங்கும். குறைந்தது 20 முதல் 28 கன மீட்டர் காற்றுள்ள அறை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறை 27 கன மீட்டர். அறை அதைவிடச் சிறியதென்றால் கதவின் மேலும் கீழும் காற்று புகும் இடுக்குகள் கொண்ட காற்றுப்பலகைகள் பொருத்த வேண்டும், அல்லது வெளியேறும் காற்றை டக்ட் என்னும் காற்றுக்குழாய் வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும். டக்டின் நீளத்துக்கும் வளைவுகளின் எண்ணிக்கைக்கும் கையேட்டில் வரம்பு இருக்கும். அதை மீறினால் விசிறியால் காற்றைத் தள்ள முடியாது.

வெளியேறும் காற்று குளிர்ந்தும் ஈரம் குறைந்தும் இருக்கும். வெப்பமான பகுதிகளில் அதைத் துணி உலர்த்தும் அறைக்கோ சாமான் அறைக்கோ திருப்பிவிட்டால் அது இனாமாகக் கிடைத்த பயன். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வெதுவெதுப்பாக்கும் அறையில் வைத்தாலோ, அந்த ஹீட்டரின் வெப்பத்தைத்தான் இது திருடுகிறது. அங்கே சேமிப்பு என்று காகிதத்தில் தெரிவது வேறொரு கட்டணத்தில் போய்விடும். பெரும்பாலான கருவிகளின் கம்ப்ரசர் ஏறத்தாழ 5 டிகிரி முதல் 43 டிகிரி வரையிலான காற்றில் இயங்கும்படி வடிவமைக்கப்படுவதால், அதற்குக் கீழே இறங்கும் இடங்களுக்கு, எவாப்பரேட்டரில் படியும் உறைபனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வசதியுள்ள மாடலைத் தேட வேண்டும்.

சமையல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு, துணியின் நூல்தூசி, பிளீச்சிங் பவுடரின் நெடி, கடற்காற்றின் உப்பு ஆகிய நான்கும் எவாப்பரேட்டர் தகடுகளைக் கெடுப்பவை. கடற்கரைக்கு அருகில் வைப்பதானால் அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள தகடுகள் வேண்டுமென்று கேட்டு வாங்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆர்-290 கருவியைப் பள்ளமான அறையிலோ, சாக்கடைத் திறப்புக்கோ அடுப்புக்கோ அருகிலோ வைக்கக் கூடாது. சத்தம் பெரும்பாலும் 45 முதல் 55 டெசிபல் வரை இருக்கும். பகலில் பொருட்டாகத் தெரியாத அது, படுக்கையறைச் சுவரை ஒட்டியிருந்தால் இரவில் தெரியும். தொட்டியின் காலுக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தால் தரை வழியே செல்லும் அதிர்வு குறையும்.

எடையையும் மறந்துவிடக் கூடாது. 200 லிட்டர் தண்ணீரும் தொட்டியும் கம்ப்ரசரும் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். அது முழுவதும் அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பில் நிற்கிறது. மட்டமான கான்கிரீட் தளமே இதற்கு ஏற்றது. அதேநேரம் குளியலறைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு 0.18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 மீட்டர் தொலைவென்றால், குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டருக்கு மேல் ஆறிப்போன தண்ணீர் வந்த பிறகே வெந்நீர் வரும்.

குழாய் வேலை

குளிர்நீர் நுழையும் குழாயில் முதலில் மூடும் வால்வு, அதன்பின் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு, தேவையானால் அழுத்தக் குறைப்பி என்ற வரிசை அமைய வேண்டும். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் விரிவடைகிறது. 200 லிட்டர் தொட்டியில் இது 3 லிட்டர். திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கும்போது அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுக்க விரிவுத் தொட்டி வேண்டும். இல்லையேல் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு முறையும் சொட்டும்.

வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறும்போது தானே திறந்துகொள்ளும் அந்தப் பாதுகாப்பு வால்வில் எந்தச் சமரசமும் கூடாது. அதற்கும் தொட்டிக்கும் இடையில் வேறெந்த வால்வும் இருக்கக் கூடாது. அதிலிருந்து வரும் குழாய் கீழ்நோக்கியே சென்று, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆள் மேல் படாதபடி, திறந்த வாயுடன் முடிய வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பது, மூடிய தொட்டியை வெடிக்க விடுவதற்குச் சமம்.

எஃகுத் தொட்டியுடன் செப்புக் குழாயை நேராக இணைத்தால் இணைப்பிடம் அரித்துப்போகும். இடையில் இரு உலோகங்களும் தொடாமல் பிரிக்கும் மின்காப்பு யூனியன் வைக்க வேண்டும். சாதாரண பிவிசி குழாய் வெந்நீரைத் தாங்காது. சிபிவிசி, பிபிஆர், செம்பு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி, வெந்நீர்க் குழாய் முழுவதற்கும் நுரைக் காப்புறை போட வேண்டும். வெந்நீர் வெளியேறும் இடத்தில் தெர்மோஸ்டாட் கலவை வால்வு ஒன்றையும் பொருத்திவிட வேண்டும். அதன் காரணம் வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

காற்றிலுள்ள ஈரம் எவாப்பரேட்டரில் பட்டு நீராகச் சொட்டும். ஈரப்பதம் மிகுந்த நாள்களில் இது பல லிட்டர் வரை சேரலாம். இதற்கான வடிகுழாயை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவுடன் இட்டு, கழிவுநீர் நெடி ஏறிவராமல் யு வடிவ வளைவு வைக்க வேண்டும். பாதுகாப்பு வால்வின் குழாயை இதனுடன் சேர்த்துவிடும் பழக்கம் சில பிளம்பர்களிடம் உண்டு. அதை அனுமதிக்கக் கூடாது.

மின் இணைப்பும் முதல் இயக்கமும்

கம்ப்ரசரும் 2,000 வாட் துணைக் காயிலும் சேர்ந்து ஓடும்போது 230 வோல்ட் இணைப்பில் 11 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே மின்பெட்டியிலிருந்து தனி வயர், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சோதித்துப் பார்த்த எர்த் ஆகியவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. மின்னழுத்தம் அடிக்கடி இறங்கும் இடத்தில் கம்ப்ரசரின் ஆயுள் குறையும் என்பதால் அங்கே தகுந்த ஸ்டெபிலைசரும் தேவைப்படும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே முறை.

கருவியைக் கொண்டுவரும்போது படுக்கவைத்திருந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். கையேடு சொல்லும் நேரம் வரை, சில மாடல்களில் ஒரு முழு நாள்கூட, அதை நிமிர்த்தி வைத்திருந்த பிறகே இயக்க வேண்டும். தொட்டியை நிரப்பாமல் மின்சாரம் கொடுத்தால் துணைக் காயில் சில நொடிகளில் கருகிவிடும். ஆகவே வெந்நீர்க் குழாய்களையெல்லாம் திறந்துவைத்துக் குளிர்நீரை விட்டு, காற்றுக் குமிழ்கள் வெடித்து வருவது நின்று தண்ணீர் சீராக ஓடும்வரை காத்திருந்து, இணைப்புகளில் கசிவில்லை என்று பார்த்த பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். கம்ப்ரசர் சில நிமிடத் தாமதத்துக்குப் பின் தொடங்கும், அது பழுதன்று. அரை மணி நேரம் கழித்து, உள்ளே போகும் காற்றின் முன்னும் வெளியே வரும் காற்றின் முன்னும் கையை வைத்துப் பார்த்தால், வெளிவருவது தெளிவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ச்சி இல்லாமல் தண்ணீர் மட்டும் சூடாகிறது என்றால், ஓடுவது கம்ப்ரசர் அன்று, மின் காயில்.

வெப்பநிலையும் நேரமும்

தண்ணீரை 45 டிகிரியில் வைத்தால் சிஓபி உயரும் என்பது உண்மை. ஆனால் லீஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்று உண்டாக்கும் கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் பெருகுகிறது, 60 டிகிரியில் அழிகிறது. அதே 60 டிகிரி நீர் தோலில் ஐந்து நொடி பட்டாலே ஆழமான தீக்காயம் உண்டாகும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். தொட்டியில் 60, குழாயில் 50-க்கு மிகாமல் என்ற இரண்டையும் ஒருசேரப் பெறுவதற்காகத்தான் கலவை வால்வு. தொட்டியை 50 அல்லது 55 டிகிரியில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை 60 டிகிரிக்குமேல் தானே சூடேற்றும் கிருமிநீக்கச் சுழற்சி பல மாடல்களில் இருக்கிறது. முதியவர்களோ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ உள்ள வீட்டில் 60-லேயே நிறுத்திவிடலாம்.

டைமரை நண்பகலுக்கு வைப்பது நல்லது. அப்போது தொடங்கும் பிற்பகலில் காற்றின் வெப்பம் உச்சத்தை எட்டும், கூரையில் சூரியத் தகடு உள்ளவர்களுக்கு மின்சாரமும் அப்போதுதான் கிடைக்கும்; நன்கு காப்பிட்ட தொட்டி மறுநாள் காலைவரை சூட்டைத் தாங்கும். இயக்க முறையாக ஹீட் பம்ப் மட்டும் என்பதைத் தேர்ந்துவிட்டு, மின் காயிலும் சேர்ந்து ஓடும் கலப்பு முறையை விருந்தினர் வரும் நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு

காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி உலர்த்திப் போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எவாப்பரேட்டர் தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, வடிகுழாயில் பாசி அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து சில லிட்டர் வெளியேற்றினால் படிந்த வண்டல் போகும்.

உள்ளே எனாமல் பூசிய எஃகுத் தொட்டிகளில் மெக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும். ஆனோடு எனப்படும் அது தான் அரிபட்டு, தொட்டியை அரிக்கவிடாமல் காக்கிறது. முதல் ஆண்டின் முடிவில் ஒருமுறை கழற்றிப் பார்த்தால், உங்கள் தண்ணீரில் அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப அடுத்த சோதனையை ஓராண்டிலோ மூன்றாண்டிலோ வைத்துக்கொள்ளலாம். நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். இந்தத் தண்டு நீளமானது. பல மாடல்களில் மேற்புறமாகவே உருவ வேண்டியிருக்கும். கருவியை நிறுத்தும் அன்றே அதன் தலைக்கும் கூரைக்கும் இடையில் தண்டை உருவ இடம் விட்டிருக்க வேண்டும். இடம் போதாதென்றால், இணைப்பு இணைப்பாக மடங்கும் துண்டு ஆனோடுகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்கிப் போடலாம்.